வெயில் ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு: ஹோஸா, சொட்டுநீரா, மண்பானையா?

குளிர்ந்த ஊரில் மாலையில் ஹோஸைப் பிடித்து இலைமேல் தண்ணீர் தூவினாலே தோட்டம் பச்சையாக இருக்கும். அதே பழக்கத்தை வெயில் ஊரில் தொடர்ந்தால் தினமும் ஊற்றியும் செடி வாடும். தூவும் தண்ணீர் மேல்மண்ணில் இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே இறங்கி, மதியத்துக்குள் காய்ந்துவிடும். வேரும் அந்த ஈரத்துக்காக மேலேயே படர்ந்து சூட்டில் அடிபடும். எந்த முறையானாலும், காய்கறிச் செடிக்கு 15 செ.மீ. ஆழம்வரை ஈரம் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஹோஸில் பெரிய லாபம், ஒவ்வொரு செடியையும் அருகில் பார்க்கிறோம். பூச்சி வந்த அன்றே தெரியும். ஆனால் வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் தேங்கிய தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். அது ஓடித் தீர்ந்து, குளிர்ந்த தண்ணீர் வந்தபிறகே செடிக்குக் காட்டுங்கள். விசையைக் குறைத்து அடித்தண்டைச் சுற்றி ஊற்றி, அது உறிஞ்சியதும் மறுபடி ஊற்றுங்கள். அதிகாலைதான் நல்ல நேரம்.

செடிகள் இருபதைத் தாண்டினால் சொட்டுநீர். 16 மி.மீ. குழாய், மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர் (சொட்டு விடும் சிறு வாய்), தொடக்கத்தில் ஒரு வடிகட்டி, கடைசியில் கழற்றக்கூடிய மூடி, ஒரு டைமர். மணல் மண்ணில் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். டிரிப்பர்கள் 30 செ.மீ. இடைவெளியில் வேண்டும். களிமண்ணில் பக்கவாட்டில் பரவுவதால் 45 செ.மீ. போதும். ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு, கொஞ்சம் பொறுத்து, கொத்தால் தோண்டிப் பாருங்கள். ஈரம் எட்டாவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள். தாழ்வான தொட்டியிலிருந்து இணைத்தால் அழுத்தம் போதாது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும். உப்புத் தண்ணீரில் டிரிப்பர் வாய் வெள்ளை படிந்து அடைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் எல்லாம் ஓடுவதுபோல் இருக்கும், நடுவில் ஒரு செடி மட்டும் பட்டுப்போகும். ஆகவே டைமரை நம்பிவிடாமல் வாரம் ஒருமுறை ஒவ்வொரு சொட்டையும் கண்ணால் பாருங்கள். மாதம் ஒருமுறை கடைசி மூடியைத் திறந்து குழாயை அலசிவிடுங்கள்.

மண்பானை மின்சாரமும் அழுத்தமும் கேட்காது. மெருகோ பெயின்டோ பூசாத பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடிவைத்தால் சுற்றியுள்ள மண் காயக் காயத் தண்ணீர் கசியும். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். பானையை ஒட்டி நட்ட செடிகளுக்கே பலன். தள்ளி நட்டால் எட்டாது. நாலைந்து செடிகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பெரிய பாத்திக்குச் சொட்டுநீரே என் தேர்வு.

மூடாக்கா, நிழல் வலையா என்றால் முதலில் மூடாக்கு. காய்ந்த இலையோ வைக்கோலோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் ஆவியாவது குறையும், வேர்ப்பகுதியும் குளிரும். தண்டைத் தொடவிடக் கூடாது, அழுகும். தக்காளி பகலில் 35 டிகிரியைத் தாண்டும்போது பூ உதிர்க்கும். அப்போது 35 சதவீத நிழல் வலை கட்டலாம். அதைவிட அடர்த்தியானால் செடி நெட்டையாக வளரும், காய் குறையும்.

மதியம் தொங்கி மாலையில் நிமிரும் இலை தாகத்தின் அடையாளம் அல்ல. விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பார்த்தபிறகே தண்ணீர் விடுங்கள்; ஈரமண்ணில் மேலும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறும்.

வீட்டுக்குள் ஏர் கூலரா, ஏசியா என்பதை ஊரின் ஈரப்பதம் முடிவுசெய்யும். வறண்ட வெயிலில் கூலர் போதும். ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் அறைக்குள் அடையும். புழுக்கமான ஊரில் கூலர் புழுக்கத்தைக் கூட்டும். அங்கே ஏசிதான், ஜன்னல்களை மூடி. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுங்கள். கண்ணாடியைத் தாண்டிய சூட்டைத் திரையால் முழுதும் வெளியேற்ற முடியாது.