டிக் போடாத வெள்ளை ஷூ: ஊட்டி மார்க்கெட் பக்கத்துக் கடை

ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலிருந்து மார்க்கெட் பக்கம் போகும் சந்தில் ஒரு சின்ன ஷூ கடை. அங்கே 1,150 ரூபாய்க்கு ஒரு வெள்ளை ஷூ வாங்கினேன். பார்த்ததும் நைக்கியின் ஏர் ஃபோர்ஸ் 1 ஞாபகம் வரும். அதே தடித்த சோல், முன்பக்கம் அதே மாதிரி துளைகள். பக்கவாட்டில் மட்டும் நைக்கியின் டிக் சின்னம் இல்லை.

நான் கேத்தி பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். காலையில் ஈரப்புல்லில்தான் நிற்க வேண்டும். வெறுமனே ஒட்டிய சோல் இங்கே ஒரு மழைக்காலம் தாங்காது, முன்னால் வாயைப் பிளந்துவிடும். இதில் சோலைச் சுற்றித் தையல் ஓடுகிறது. ஜூனில் வாங்கியது, இன்னும் பிரியவில்லை. ஆனால் நனைந்தால் உள்பக்கம் காய நேரமாகிறது. சரிவில் கொஞ்சம் வழுக்கவும் செய்கிறது.

கடைக்கார அண்ணன் டிக் போட்ட ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது போலி, வைப்பதே இல்லை. "மாடல் அதுதான் சார், கம்பெனி ஷூ இல்லை" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அந்த நேர்மைக்காகவே இந்தக் கடையைச் சொல்கிறேன். அவருக்கு ஒரு பயம் உண்டு: வடிவம் ஒத்திருந்தாலே கேஸ் வருமா?

வரலாம், வராமலும் போகலாம். அதுதான் எனக்குக் கோபம். ஜப்பானின் பேப் நிறுவனம் டிக்குக்குப் பதில் நட்சத்திரம் வைத்து இதே வடிவில் பேப்ஸ்டா ஷூவைக் கொண்டுவந்தது 2000 வாக்கில். நைக்கி வழக்குப் போட்டதோ 2023 ஜனவரியில். முன்பு அமெரிக்காவில் விற்பனை கொஞ்சம்தான், 2021-க்குப் பிறகுதான் பெருகியது என்பது நைக்கியின் வாதம். 2024-இல் சமரசம் ஆனது. பேப் சில மாடல்களை நிறுத்தவும், சிலவற்றை மாற்றவும் ஒப்புக்கொண்டது.

ஏர் ஃபோர்ஸ் 1 வந்தது 1982-இல். நம் டிசைன் சட்டம் ஒரு வடிவத்துக்கு அதிகபட்சம் 15 வருடம்தான் பாதுகாப்பு தருகிறது. டிரேட்மார்க்கை, அதாவது கம்பெனியின் அடையாளக் குறியை, பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். இவ்வளவு நீண்ட உரிமை வைத்திருப்பவர், ஆள் வளரும்வரை விட்டுவைத்து அப்புறம் பிடிப்பது நியாயமே இல்லை. நம் டிரேட்மார்க் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தெரிந்தே ஐந்து வருடம் தொடர்ந்து பேசாமல் இருந்தவரின் எதிர்ப்புக்குத் தடை போடுகிறது. ஆனால் எதிராளியின் குறி நல்லெண்ணத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். எதையுமே பதிவு செய்யாத சின்னத் தயாரிப்பாளருக்கு இதில் என்ன ஆறுதல்?

சரி, வாங்குபவர்கள் ஒரு சைஸ் கூட்டி எடுங்கள். ஊட்டிக் குளிருக்குத் தடித்த சாக்ஸ் போட்டால் வழக்கமான சைஸ் விரலை நெருக்கும்.