பின்னணியைக் கரைப்பது சென்சாரா, லென்ஸா?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குக் கேமராவோடு போகிறவர்கள் பலர் ஆசைப்படும் படம் இதுதான்: குதிரை முகம் பளிச்சென்று, பின்னால் கூட்டம் கரைந்துபோய். அதற்கு ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமரா, இருந்தே ஆக வேண்டும் என்பார்கள். அது பாதிதான் உண்மை.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. அதைவிடச் சிறிய வகையான ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6 (கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது). அதனினும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13. ஒரே இடத்தில் நின்று ஒரே ஃப்ரேம் கிடைக்க முறையே 85, 56, 42.5 மி.மீ. லென்ஸ் வேண்டும். லென்ஸின் மி.மீ. அளவான குவியத் தூரத்தை எஃப் எண்ணால் (சிறியதானால் திறப்பு பெரிது) வகுத்தால் லென்ஸ் திறக்கும் அகலம் வந்துவிடும். மூன்றையும் எஃப்/1.8-இல் வைத்தால் 47, 31, 24 மி.மீ. பின்னணி எவ்வளவு கரையும் என்பதை முடிவு செய்வது இந்த அகலம்தான்.

ஆகவே ஏபிஎஸ்-சியில் 56 மி.மீ. எஃப்/1.2 மாட்டினால் அதே 47 வந்துவிடுகிறது, மங்கலும் அதே அளவுதான். ஆனால் அந்த லென்ஸ் விலை கூடுதல். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு வோய்க்ட்லாண்டர் நிறுவனத்தின் எஃப்/0.95 லென்ஸ் உண்டு; கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும் குதிரைக்கு அது சரிப்படாது. போன் கேமராவின் திறப்பு சில மில்லிமீட்டர்தான். போர்ட்ரெய்ட் மோடு மங்கலைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது, பிடரி மயிரின் ஓரத்தில் அடிக்கடி தடுமாறும்.

ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, கேமரா பாடியை மாற்றும் முன் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதே ஃப்ரேம் கிடைக்க 3 மீட்டரில் நிற்பதற்குப் பதில் 4.5 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டும். பின்னணி வெள்ளியங்கிரி மலைபோல வெகுதூரத்தில் இருந்தால் ஃபுல் ஃப்ரேம் தரும் மங்கல் அப்படியே கிடைக்கும். கூட்டம் 3 மீட்டர் பின்னால் நின்றால் ஐந்தில் நான்கு பங்குதான். சந்தை நெரிசலில் பின்வாங்க இடம் கிடைப்பதும் கஷ்டம். அங்கே ஃபுல் ஃப்ரேம் ஜெயிக்கிறது.

சரி, காங்கேயம் காளையை முன்னாலிருந்து எடுக்கிறோம், கொம்பிலிருந்து திமில் வரை தெளிவாக வேண்டும், அப்போது? மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எஃப்/4-இல் தரும் ஆழத்துக்கு (தெளிவாகத் தெரியும் தூர அளவுக்கு) ஃபுல் ஃப்ரேம் லென்ஸை எஃப்/8-க்கு மூட வேண்டும். வெளிச்சம் குறைவதால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) நான்கு மடங்கு ஏறும். இதைச் சிறிய சென்சாரின் வெற்றி என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் பெரிய சென்சார் அந்த ஐஎஸ்ஓவிலும் ஏறக்குறைய அதே அளவு நாய்ஸோடுதான் (புள்ளிப் புள்ளியான கரகரப்போடுதான்) படம் தரும். பெரியதன் லென்ஸை மூடிக்கொள்ளலாம், சிறியதன் லென்ஸை அதன் எல்லைக்கு மேல் திறக்க முடியாது. சிறியதன் உண்மையான பலம் எடை. வெயிலில் நாள் முழுக்கச் சந்தையைச் சுற்றுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.