மேட்ச்பாக்ஸ் எண் 12: கூரையில் மூட்டையோடு ஒரு பச்சை லேண்ட் ரோவர்

மூன்று மாதமாக என் மேசை மேல் நிற்கிற பொம்மை வண்டி இது. சஃபாரி லேண்ட் ரோவர், மேட்ச்பாக்ஸ் என்ற குட்டி உலோகக் கார் வரிசையில் எண் 12, இங்கிலாந்தின் லெஸ்னி கம்பெனி 1965இல் கொண்டுவந்த வார்ப்பு. பச்சை உடம்பு, வெள்ளை அடிப்பாகம், கூரையில் பழுப்பு நிற மூட்டை முடிச்சு, கறுப்பு பிளாஸ்டிக் சக்கரம். கதவு திறக்காது, பானட் திறக்காது, ஆட்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். பெட்டி இல்லாமல், தபால் செலவோடு 80 ரிங்கிட் ஆனது. திரும்ப வாங்கச் சொன்னாலும் வாங்குவேன்.

நான் கேமரன் மலையில் வளர்ந்தவன். மலேசியாவில் லேண்ட் ரோவர்களை இத்தனை நெருக்கமாக வேறெங்கும் பார்க்க முடியாது. பிரிட்டிஷ் இராணுவம் கழித்துவிட்டுப் போனதும் அதற்குப் பிறகு வந்ததுமாக, இன்றைக்கும் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதையில் ஏறி இறங்குகின்றன. ரிங்லெட் பக்கம் காய்கறி போட்டிருந்த என் பெரியப்பாவிடம் சீரிஸ் டூ ஏ என்ற பழைய மாடல் லேண்ட் ரோவர் இருந்தது. கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனவன் நான், அதனால் பொம்மையைப் பார்த்தாலும் கண் அந்த வண்டியைத்தான் தேடும்.

முதலில் தேடியது விளக்குகளை. பழைய லேண்ட் ரோவரில் முகப்பு விளக்கு இரண்டும் மட்கார்டில் இருக்காது, நடுவில் கிரில் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், கொஞ்சம் கிட்டப் பார்வைக்காரர் முகம் போல. சில நாடுகளின் விளக்குச் சட்டங்களுக்காக 1960களின் கடைசியில்தான் அவற்றை வெளியே மட்கார்டுக்கு நகர்த்தினார்கள். இந்த வார்ப்பு அதற்கு முந்தியது, ஆகவே விளக்குகள் உள்ளேதான் இருக்கின்றன. அரிசி நுனி அளவுகூட இல்லாத இரண்டு புள்ளிகள், ஆனால் சரியான இடத்தில். அதைப் பார்த்ததும் இதை வடித்தவர் அசல் வண்டிக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறார் என்று நம்பினேன்.

அப்புறம் பெயின்ட். என் வண்டியில் கூரை விளிம்பிலும் மட்கார்டு முனையிலும் பச்சை உதிர்ந்து வெள்ளி நிற உலோகம் தெரிகிறது. எனக்கு இது குறையே இல்லை, ஏனென்றால் பெரியப்பா வண்டியும் அதே இடங்களில்தான் உதிர்ந்திருந்தது, அதே வெள்ளி நிறம்தான் தெரிந்தது. 1948இல் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்கு ரேஷன், அதனால் உடம்பை பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆரம்ப வண்டிகளின் பச்சைகூடப் போரில் மிஞ்சிய விமானப் பெயின்ட் என்பார்கள். எங்கள் மலையில் பனியும் மழையும் ஓயாது, ஆனாலும் அந்த உடம்பு இற்றுப் போகாது. கீழே இருக்கிற சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், இரும்பு, துரு அங்கேதான் தின்னும்.

பொம்மையிலும் அதே கதை! உடம்பு துத்தநாகக் கலவை, 60 வருடம் ஆனாலும் துருப்பிடிக்காது. சக்கரங்களைக் கோர்த்திருக்கிற அச்சுக் கம்பி இரும்பு. பழைய லெஸ்னி வாங்குகிறவர்கள் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் கவிழ்த்து அச்சைப் பாருங்கள், முனைகள் செம்மண் நிறத்தில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இதற்கு முன்னால் இதே வண்டியை இன்னொருவரிடம் வாங்கி ஏமாந்தேன், அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. "அசல், புதிதுபோல்" என்று போட்டிருந்தார். வந்தது மறுபடி பெயின்ட் அடித்த வண்டி. கதவுக் கோடுகளில் பெயின்ட் தடித்து அடைத்துக்கிடந்தது, அடியில் ரிவெட்டைத் துளைத்துக் கழற்றி ஒட்டிய தடம், மூட்டை முடிச்சு இப்போது வார்த்த மாற்றுப் பாகம். மாற்றுப் பாகம் போடுவது தப்பில்லை, காணாமல் போனதற்கு வேறு வழி என்ன இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சொல்லாமல் விற்பது சேகரிப்பவனின் ஆசையை வைத்துப் பணம் பண்ணுவது. அதனால் சொல்கிறேன், பளபளப்பைக் கண்டால் தள்ளி நில்லுங்கள், கதவுக் கோடு கூர்மையாக, பெயின்ட் உதிர்ந்து இருப்பதை எடுங்கள்.

நீல நிறத்திலும் இது வந்தது, நன்றாகத்தான் இருக்கும். தங்க நிறத்தில் வந்தது வேறு சங்கதி. 1968இல் போட்டிப் பொம்மைக் கார் ஹாட் வீல்ஸ் சந்தைக்கு வந்ததும் லெஸ்னி மெல்லிய அச்சும் வேகச் சக்கரமும் போட்டு சூப்பர்ஃபாஸ்ட் என்று மாறியது, இந்த வண்டிக்கும் அதையே மாட்டினார்கள்.  அந்தத் தங்க வண்டி எனக்கு வேண்டாம், சேற்றில் இறங்க வேண்டிய வண்டிக்கு அந்தச் சக்கரம் ஒட்டவில்லை. இப்போது மேட்டெல் கம்பெனி விடுகிற மேட்ச்பாக்ஸ் லேண்ட் ரோவர்கள் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கத் தோதானவை, மலிவு, உருட்டினால் நன்றாக ஓடும். கையில் எடுத்தால் இந்த பச்சை வண்டியின் கனம் மட்டும் வராது.

போன மாதம் ஊருக்குப் போனபோது இதைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். எடுத்தார், கூரையையோ விளக்கையோ பார்க்கவில்லை, நேரே கவிழ்த்து அடியைப் பார்த்தார். கட்டை விரலால் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அச்சுல துரு ஏறுதுடா. எண்ணெய் விடு."

தையல் மெஷின் எண்ணெயை ஊசி நுனியில் தொட்டு ஒவ்வொரு முனைக்கும் ஒரு சொட்டு விட்டேன். இப்போது லேசாகத் தள்ளினால் மேசையின் அந்தக் கோடி வரை போகிறது.