அரசு இடையீட்டு மையம்: காது பரிசோதனை முதல் பேச்சுப் பயிற்சி வரை

எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும், குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு என் மகளைக் கூட்டிப் போய் வருகிறேன். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுதான் எங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது.

அவளுக்குப் பேச்சு வரவில்லை, ஆனால் மிக்ஸி ஓடினால் திரும்பிப் பார்ப்பாள். அதனால் "காது கேக்குது, இவ அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்பார் என் மாமியார். மையத்தில் அவளைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் 65 டெசிபல், அதாவது அதைவிடக் குறைந்த சத்தம் அவளுக்குக் கேட்காது. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் பக்கம்தான், மிக்ஸி அதைவிட அதிகமாக இரையும் என்று காது பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் மேடம் பொறுமையாக விளக்கியதும் மாமியாருக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பொறுமைக்காகவே இந்த மையத்தை எல்லோருக்கும் சொல்கிறேன். வெளியே ஒரு கடையில், டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்க்காமலேயே காது கேட்கும் மெஷின் விலையைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பேச்சுப் பயிற்சியில் குழந்தையைவிட எனக்குத்தான் அதிகம் சொல்லித் தருகிறார்கள். தினமும் காலையில் மெஷினை மாட்டியதும், வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டால் அவள் ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போடுவாள். 'ஸ்'ஸுக்குப் போடவில்லை என்றால் பேட்டரியையும், மெஷினைக் காதுக்குள் பொருத்தும் மோல்டையும் பார்ப்பேன். டிவியை அணைத்துவிட்டு, குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். இப்போது "அம்மா, தா" என்று கேட்கிறாள்.

குறை என்றால் காது மோல்டுதான். குழந்தையின் காது வளர வளர மோல்டு தளர்ந்து மெஷின் கீச்சிடும், சில மாதங்களிலேயே புதிதாக எடுக்க வேண்டும். அளவு எடுத்துக் கொடுத்தால் வந்து சேரத் தாமதமாகிறது. அதுவரை அவள் சரியாகக் கேட்காமல் இருப்பதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. இதை அங்கேயே செய்து கொடுக்க ஏற்பாடு வேண்டும்.

மெஷின் போட்டும் பலனில்லாத குழந்தைகளுக்கு, ஆபரேஷன் செய்து உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் செய்துவிட வேண்டும், அதனால் சந்தேகம் வந்ததும் போய்விடுங்கள். ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். பெராவுக்கு வரச் சொன்ன அன்று குழந்தையை பஸ்ஸில் தூங்க விடாதீர்கள்.