அப்பாவுக்குச் சென்சார்: கும்பகோணத்தில் சுகர் பார்த்த அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவுக்குக் கையில் ஒட்டுகிற சுகர் சென்சார் போட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று முன்னாடியே முடிவு பண்ணியிருந்தேன். எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். இருப்பது இங்கிலாந்தில். அங்கே 2022இல், சிகிச்சை விதிமுறைகளைப் பரிந்துரைக்கிற நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் மாறி, டைப் 1 உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் சென்சார் தரலாம் என்று ஆனதிலிருந்து அரசு மருத்துவச் சேவையிலேயே எனக்கு அது கிடைக்கிறது. அப்பாவுக்கு டைப் 2, எழுபதைத் தாண்டியவர், மாத்திரையோடு ராத்திரியில் நீண்டநேர இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தான். தூக்கத்தில் லோ சுகர் ஆனால் யாருக்குத் தெரியும் என்ற பயம் எனக்கு வருஷக்கணக்கில் உண்டு. இதே எண்ணத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள், அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

வாங்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு மெடிக்கலில் கேட்டேன், "நாளைக்குக் காலைல வந்துரும்க்கா" என்றார்கள், சொன்னபடி வந்தது. 14 நாள் ஓடுகிற சென்சார், கிட்டத்தட்ட 5,000 ரூபாய். ஆனால் பெட்டியை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்று பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஏசி இல்லாத கடை, மேல் தட்டு, மே மாத மத்தியானம். சென்சாரின் நுனியில் குளுக்கோஸோடு வினைபுரிகிற நொதி பூசியிருக்கும், அது வெயிலுக்குத் தாங்காது. எவ்வளவு சூடு வரை வைக்கலாம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். உதாரணத்துக்கு, டெக்ஸ்காம் ஜி6 என்ற சென்சாருக்கு 2 முதல் 30 டிகிரி செல்சியஸ். எங்கள் ஊர்க் கோடையில் அந்த அளவு காலை எட்டு மணிக்கே தாண்டிவிடும். கடைக்காரத் தம்பியிடம் பெட்டியில் அச்சடித்திருந்ததைக் காட்டினேன். இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்கத் தெரிந்தவர்தான், இதைப் பற்றி மட்டும் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்னொரு பெட்டி வரவழைத்து, வந்த அன்றே வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஆப். வெளிநாட்டுக் கணக்கில் ஓடுகிற என் போன் அந்தச் சென்சாரை ஏற்கவே இல்லை. அப்பாவின் போனில் இந்தியக் கணக்கு தொடங்கித்தான் வேலை ஆனது. உங்களுடையதிலும் இப்படி ஆகலாம், ஊரில் இருப்பவர் போனிலேயே போட்டுவிடுங்கள். அளவு மி.கி.யில்தான் (ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று) வரும். இங்கிலாந்து, கனடா பக்கத்து மில்லிமோல் கணக்குக்குப் பழகியவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சென்சார் போட்ட மறுநாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். அலாரம் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் 58. நான் விரலில் குத்திப் பார்க்கிற மீட்டரைத் தேடி எடுப்பதற்குள் அம்மா குளுக்கோஸ் பவுடரைக் கரைத்து டம்ளரை அப்பா வாயில் வைத்துவிட்டார். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் பண்ணலையேம்மா" என்கிறார். வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது. விரலைத் துடைத்துக் குத்திப் பார்த்தேன், 131. அம்மா நம்பவில்லை. "அஞ்சாயிரம் ரூபா மிஷின் தப்பாக் காட்டுமாடி? உன் மீட்டர்தான் பழசு" என்கிறார். அப்பா எழுந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆனதும் சென்சாரின் கோடு மேலே ஏறத் தொடங்கியது. குளுக்கோஸ் தண்ணீரில்தான் ஏறியது என்று அம்மா நினைத்தார். ஆனால் காலையில் விரலில் பார்த்தபோது 240. இல்லாத லோ சுகருக்குக் குடித்த குளுக்கோஸ் அது.

நடந்தது இதுதான். அப்பா இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பார், சென்சார் இருந்ததோ இடது கையின் பின்புறம். சென்சார் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அளப்பதில்லை, தோலுக்குக் கீழே செல்களுக்கு நடுவில் இருக்கும் திரவத்தில் அளக்கிறது. உடம்பின் எடை அந்த இடத்தை அழுத்தும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, ரீடிங் சட்டென்று விழுகிறது. அழுத்தம் விலகினால் தானாக ஏறிவிடும். சென்சார் போடுகிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம் இது. அப்பாவுக்குச் சென்சாரை ஒட்டிவிட்டவர்கள், எப்படிப் படுப்பீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அதோடு முதல் 24 மணி நேரம் ரீடிங் தள்ளாடும். ஊசி நுழைந்த இடத்தில் சின்னக் காயம் ஆறிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் வரும் அளவை வைத்து மருந்தைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. சாப்பிட்ட உடனேயும் நடக்கும்போதும் ரத்தத்தில் மாறுவது சென்சாருக்குப் போய்ச் சேர 5 முதல் 15 நிமிஷம் வரை பிடிக்கும். இட்லி சாப்பிட்டு அரை மணியில் விரலில் 210, சென்சாரில் 175 என்றால் அது கோளாறு இல்லை, தாமதம். ஒப்பிடுவதென்றால் கோடு சமமாகப் போகிற நேரத்தில்தான் ஒப்பிட வேண்டும், காலை வெறும் வயிறு அதற்குத் தோது.

எவ்வளவு வித்தியாசம் வரலாம்? கம்பெனிகள் தங்கள் சோதனையில் வந்த சராசரி வித்தியாசத்தைச் சதவீதமாகப் போடுகிறார்கள். டெக்ஸ்காம் ஜி6க்கு 9, லிப்ரே 2 என்ற இன்னொரு சென்சாருக்கு 9.3 என்ற அளவில். இது சராசரி என்பதை மறக்கக் கூடாது. பாதி ரீடிங் அதைவிட நன்றாக இருக்கும், மீதியில் சில 20 சதவீதம், 25 சதவீதம் கூடத் தள்ளி நிற்கும். 180ஐ 160 என்று காட்டினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. 75ஐ 58 என்று காட்டினால் ராத்திரி முழுக்க வீடு விழித்திருக்கும். 58ஐ 75 என்று காட்டினால் அது அதைவிட மோசம்.

ஊரில் எனக்கு மனசு நிறைந்த சேவை என்றால் லேப்தான். காலை ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிசல்ட். இங்கிலாந்தில் எனக்கு இது நினைத்தே பார்க்க முடியாத வசதி. வந்த தம்பி சுகருக்குச் சாம்பல் மூடி டியூப், ஹெச்பிஏ1சிக்கு (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) ஊதா மூடி டியூப் என்று தனித்தனியாக எடுத்தார், ஐஸ் போட்ட சின்னப் பெட்டியும் வைத்திருந்தார். சாம்பல் மூடியில் ஃப்ளோரைடு இருக்கும். அது இல்லாத டியூப்பில் ரத்தத்தை அப்படியே வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். ஸ்கூட்டர் பெட்டியில் ஊரைச் சுற்றிவிட்டு லேப்புக்குப் போகிற ரத்தத்தில் சுகர் குறைவாக வந்தால் சென்சாரைச் சரிபார்ப்பதில் அர்த்தமே இல்லை. அந்தத் தம்பி இதையெல்லாம் சொல்லாமலே சரியாகச் செய்தார். ரத்தம் எடுத்த அதே நிமிஷத்தில் நான் மற்ற இரண்டையும் குறித்துக்கொண்டேன். சென்சார் 118, விரல் 138. லேப் 142 என்று வந்தது. அதாவது அழுத்தம் எதுவும் இல்லாத நேரத்திலும் அந்தச் சென்சார் 17 சதவீதம் குறைத்துக் காட்டியது.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் ஆப் போட்ட கணக்கைப் பாருங்கள். சராசரி 146, அதை வைத்து அது ஊகித்த ஹெச்பிஏ1சி 6.8. லேப்பில் வந்த நிஜ ஹெச்பிஏ1சி 7.5. ஒன்று சில நாள் கணக்கு, இன்னொன்று மூன்று மாதக் கணக்கு, அதனால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், ரத்தசோகை இருந்தாலும் ஹெச்பிஏ1சி மாறும். அப்பாவுக்கு ரத்தசோகை இல்லை. 6.8 என்று பார்த்திருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம்.

ஆப் தந்த ரிப்போர்ட்டோடு தஞ்சாவூரில் ஒரு சுகர் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அச்சடித்த தாளைப் பார்த்தார், ராத்திரி ராத்திரி சிவப்பில் ஒரு பள்ளம். "இன்சுலினை நாலு யூனிட் குறைச்சிடலாம், வயசானவருக்கு லோ ஆகக் கூடாது" என்றார். அவர் பயம் நியாயமானதுதான், அந்தத் தாளை மட்டும் பார்த்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் விரல் ரீடிங்குகள் எழுதிய நோட்டையும் லேப் ரிசல்ட்டையும் எடுத்து வைத்தேன். பள்ளங்கள் எல்லாம் செங்குத்தாக விழுந்து செங்குத்தாக ஏறுவதைக் காட்டினேன். இன்சுலினால் வருகிற லோ சரிவு மாதிரி இறங்கும், இப்படி விழாது. அவர் பொறுமையாகக் கேட்டார், டோஸை மாற்றாமல், அடுத்த சென்சாரை வலது கையில் போட்டுவிட்டு வரச் சொன்னார். வலது கைக்கு மாற்றியதும் ராத்திரிப் பள்ளங்கள் நின்றுபோயின. அந்த டாக்டருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் நோட்டு எழுதி வைக்காத வீட்டில் என்ன நடந்திருக்கும்? இன்சுலின் குறைந்திருக்கும், ஏற்கெனவே 7.5இல் இருப்பவருக்கு இன்னும் ஏறியிருக்கும். 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பங்கு பேர் சென்சாருக்கு வந்தாலும் எத்தனை வீடுகள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கோளாறும் இல்லை. 2025 நவம்பரில் லிப்ரே சென்சார்களைத் தயாரிக்கிற அபாட் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 30 லட்சம் லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்கள் சர்க்கரையைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று தானே அறிவித்தது. ஒரே உற்பத்தி வரிசையில் வந்த கோளாறு. உலக அளவில் 7 மரணங்களுக்கும் 700க்கு மேற்பட்ட கடுமையான பாதிப்புகளுக்கும் இதோடு தொடர்பு இருக்கலாம் என்று சொன்னார்கள். குறைவாகக் காட்டுவதை நம்பித் தேவையில்லாமல் இனிப்பைச் சாப்பிடுவது, போட வேண்டிய இன்சுலினைப் போடாமல் விடுவது, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மருந்தும் ரீடிங்கைக் கெடுக்கும். அப்பாவுக்குச் சளி பிடித்தபோது மெடிக்கலில் சப்பிச் சாப்பிடுகிற வைட்டமின் சி மாத்திரை 500 மி.கி. கொடுத்து, தினமும் இரண்டு என்றார்கள். லிப்ரே 2 போட்டவர் ஒரு நாளைக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் சர்க்கரை நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. டெக்ஸ்காம் ஜி6, ஜி7க்கு பாராசிட்டமால் 6 மணி நேரத்துக்கு 1 கிராம் வரை பரவாயில்லை, அதற்கு மேல் போகக் கூடாது. ஹைட்ராக்ஸியூரியா (சில ரத்த நோய்களுக்கும் புற்றுநோய்களுக்கும் தருகிற மருந்து) எடுப்பவர்களுக்கு டெக்ஸ்காம் சரிப்படாது. சென்சாரும் மாத்திரையும் ஒரே கடையில்தான் விற்கிறார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல மட்டும் அங்கே யாரும் இல்லை.

மீட்டர் மட்டும் தெய்வவாக்கு என்றும் நினைக்க வேண்டாம். மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரப்படியே 100 மி.கி.க்கு மேல் 15 சதவீதம் வரை தள்ளிக் காட்டலாம். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 300 காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டுக் குத்த வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரக் காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். மாமா ஒருத்தர் குத்தாமலே சுகர் காட்டும் வாட்ச் ஒன்றை ஆன்லைனில் பார்த்துவிட்டு வாங்கட்டுமா என்று கேட்டார். 2024 பிப்ரவரியிலேயே அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ, தோலைத் துளைக்காமல் சுகர் காட்டுவதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்துவிட்டது. அவருக்கு நல்ல மீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

குறைத்துக் காட்டிய அந்தச் சென்சாருக்காகக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் பண்ணினேன். தமிழில் பேசினார்கள். சீரியல் நம்பர், போட்ட தேதி, சென்சார் ரீடிங், அதே நேரத்து விரல் ரீடிங் எல்லாம் கேட்டார்கள், நோட்டில் இருந்ததால் உடனே சொல்ல முடிந்தது. மாற்றுச் சென்சார் கூரியரில் வந்தது. காலிப் பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தால் சீரியல் நம்பருக்கு அலைந்திருக்க வேண்டும், அதனால் 14 நாள் முடிகிற வரை பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள். கூரியர் வந்தால் வெயிலில் வாசலில் போட்டுவிட்டுப் போகாமல் கையில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிற நேரமாகச் சொல்லுங்கள்.