பனையில் சரமா, சுவரில் படமா? பாலக்காட்டுக் கணவாய் ஊர்களில் ஒலி ஒளிக் கலை

கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கம் சந்தைத் திடலிலோ சாலையோரத்திலோ ஒலி ஒளிக் கலை அமைக்க முக்கியமாக இரண்டு வழி: சுவரில் புரொஜெக்டர் படம், பனைமரங்களில் பிக்ஸல் சரம் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய எல்.இ.டி. சரம்). ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது சரம்தான் சரி. காற்று அடங்கிய நாட்களில் நல்ல வெள்ளைச் சுவர் கிடைத்தால் புரொஜெக்டரை எடுக்கலாம்.

புரொஜெக்டருக்கு முதல் எதிரி தெருவிளக்கு. 5000 லூமன் (கருவி வீசும் மொத்த ஒளியின் அளவு) கருவி, 6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள படத்துக்குச் சுமார் 200 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி) தரும். அதே சுவரில் தெருவெளிச்சம் 20 லக்ஸ் விழுந்தாலே கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். அந்தத் தெருவிளக்கை அணைக்க அனுமதி கிடைக்காவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள். அடுத்தது காற்று. 9 மீட்டர் தள்ளி வைத்த கருவி 0.1 டிகிரி ஆடினால் படம் ஒன்றரை செ.மீ. நகரும், ஜன்னல் விளிம்போடு பொருத்திய கோடு விலகுவது பளிச்சென்று தெரியும். முக்காலி போதாது, கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

சரத்தில் வேலை அதிகம், ஆனால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். 50 பிக்ஸல் கொண்ட 5 வோல்ட் சரம் முழு வெள்ளையில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். ஆறு சரங்களைத் தொடுத்து ஒரே முனையில் மின்சாரம் கொடுத்தால் கடைசி மரத்தில் வெள்ளை செம்மஞ்சளாகும். வயர் நீள நீள வோல்டேஜ் குறையும்; நீலத்துக்கு அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் அது முதலில் மங்கும். ஒவ்வொரு சரத்துக்கும் தனி வயரில் மின்சாரம் கொடுங்கள். நீண்ட வரிசைக்கு 12 வோல்ட் சரம் வாங்குங்கள். சாரலில் பெரும்பாலும் கெடுவது விளக்கல்ல, இணைப்பு. பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, தண்ணீர் சொட்டிவிடும்படி வயரைக் கீழே தொங்க வளைத்து விடவும். பனங்கருக்கு வயரை அறுத்துவிடும், மட்டைக்குக் கீழேயே கட்டுங்கள். ஆணி கூடாது, துணி நாடா போதும். கள் இறக்கும் மரத்தைத் தொடவே வேண்டாம்: ஏறுபவருக்கு ஆபத்து.

ஒலிக்கேற்ப விளக்கு ஆட மைக் வைத்தால், காற்று மோதும் ஒவ்வொரு முறையும் விளக்கு துள்ளும். ஒலி மிக்ஸரிலிருந்து நேரடி வயர் கொடுங்கள். ஒற்றைக் கூம்பு ஒலிபெருக்கியில் கீழ்ஸ்வரம் வராது. மரத்தடியில் சிறு ஸ்பீக்கர்களைக் குறைந்த சத்தத்தில் வைப்பதே மேல். கேட்பவரிடமிருந்து இரு ஸ்பீக்கர்களின் தூரம் 17 மீட்டருக்கு மேல் வேறுபட்டால் எதிரொலிபோல் இரட்டையாகக் கேட்கும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துவது சட்டம். அதன்பின் ஓட, ஒலியில்லாத மெதுவான ஒளிக்கோலம் ஒன்றையும் கன்ட்ரோலரில் (சரத்தை இயக்கும் பெட்டியில்) முன்கூட்டியே ஏற்றி வையுங்கள்.