மூன்று வருடம் ஓட்டிய நிதி உதவி மென்பொருள்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதிலும் ஒன்று பயனர்கள் நாங்களே சம்பாதித்தது

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் வேலை. மாணவர்கள் அரசு உதவி கேட்டுப் போடும் ஃபாஃப்சா விண்ணப்பத்தின் விவரம் வந்து இறங்குவதிலிருந்து பெல் கிரான்ட் என்ற அரசு உதவித்தொகையும் கடனும் மாணவர் கணக்கில் ஏறும் வரை எல்லாமே ஒரே மென்பொருளில்தான். பெயர் வேண்டாம், காண்ட்ராக்ட் இன்னும் ஓடுகிறது.

மென்பொருள் மோசமில்லை. கணக்குகளை வேகமாகப் போடுகிறது, திரைகள் பழசாக இருந்தாலும் கை பழகிவிட்டது. கழுத்தறுப்பு உதவி மையம்தான். சந்தேகம் கேட்டு டிக்கெட் போட்டால் மூன்று நாள் கழித்து, கையேட்டில் இன்ன பக்கத்தைப் பாருங்கள் என்று பதில் வரும். அதைப் பார்த்துப் புரியாமல்தானே டிக்கெட்டே போட்டோம்!

2025 வசந்த செமஸ்டரில் நடந்தது இது. ஒரு மாணவி பாதியில் விலகினாள். செமஸ்டரில் 60 சதவீதத்தைத் தாண்டியபின் விலகினால் ஃபெடரல் அரசின் உதவி முழுவதும் அவளுக்கே, அதற்கு முன்னால் என்றால் மிச்சம் திரும்பப் போகவேண்டும், கல்லூரி தன் பங்கை 45 நாளுக்குள் கட்டவேண்டும். ஜனவரி 13 முதல் மே 2 வரை 110 நாள். அவள் மார்ச் 14 வெள்ளி வரை வந்திருந்தாள், 61 நாள். மென்பொருள் 58.1 சதவீதம் என்றது. எனக்கு ஏதோ இடித்தது, டிக்கெட் போட்டேன், வழக்கம்போல மௌனம். மென்பொருள் நிறுவனம் நடத்தும் பயனர் கூட்டத்தில் ஒரு தடவை சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்த பக்கத்து ஊர்க் கல்லூரி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். எடுத்ததும், "ஸ்பிரிங் பிரேக்கை எப்படிப் போட்டிருக்கிறீர்கள்?" என்றார், செமஸ்டர் நடுவில் வரும் விடுமுறையைத்தான். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து நாள் என்றேன். "அப்போ ரெண்டு பக்கமும் இருக்கிற சனி ஞாயிறு எங்கே போச்சு?"

அவ்வளவுதான். விதிப்படி மொத்த நாளில் விடுமுறைக்காகக் கழிக்கவேண்டியது ஒன்பது நாள். 110-ல் ஐந்து போய் 105 இல்லை, ஒன்பது போய் 101. 61 நாளை அதால் வகுத்தால் 60.4. ஒரு பைசா திருப்ப வேண்டியதில்லை. தப்பு என் கையில் நடந்ததுதான், ஆனால் அந்தத் தேதிக் கட்டம் ஒரு எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம்.

2024-ல் இதைவிடப் பெரிய கூத்து. வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும் ஃபாஃப்சா 2023 டிசம்பர் 30-ல்தான் தலைகாட்டியது, கல்லூரிகளுக்கு விவரம் வர மார்ச் ஆகிவிட்டது. குடும்பம் எவ்வளவு கட்டமுடியும் என்று கணக்கிட்ட பழைய ஈஎஃப்சி எண் போய், அதன் இடத்தில் எஸ்ஏஐ என்ற புது எண் வந்தது, அது மைனஸ் 1500 வரை இறங்கும். எங்கள் பழைய செட்டிங் மைனஸைப் பார்த்ததே இல்லை, திணறிவிட்டது. அப்போதுதான் நாலு கல்லூரிகள் சேர்ந்து வியாழன் சாயங்காலம் ஜூமில் உட்கார ஆரம்பித்தோம், இன்னும் விடவில்லை. முதல் சில வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை, தெரியாது என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம். அப்புறம், அந்த வாரம் தான் செய்த தப்பு ஒன்றை ஒவ்வொருவரும் முதலில் சொல்வது என்று வைத்தோம். ஸ்பிரிங் பிரேக் கதையை நானே நாலு தடவை சொல்லியிருப்பேன். கேட்டு வாங்கிக்கொண்டு போவதோடு சரி என்று ஒருவர் இருக்கிறார், இருக்கட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கறார்: திரையைப் பகிரும்போது மாணவர் பெயரும் எண்ணும் தெரியவே கூடாது. மாணவர் விவரங்களைக் காக்கிற ஃபெர்பா சட்டம் விளையாட்டில்லை.

பயனர்கள் இப்படி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள நிறுவனம் செய்தது என்ன? வருடத்துக்கு ஒரு பயனர் கூட்டம், அதிலும் பாதி நேரம் புது மாட்யூலை விற்கிற டெமோ. நல்ல பேச்செல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. புதிதாகச் சேரும் கல்லூரியை அதே அளவுள்ள ஒரு பழைய கல்லூரியோடு கோர்த்துவிடுங்கள், நாங்கள் எழுதிவைத்த ரிப்போர்ட்டுகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள ஒரு வசதி பண்ணுங்கள் என்று கருத்துப் படிவத்தில் ரெண்டு வருடமாக எழுதுகிறேன். நன்றி என்று பதில் வருகிறது.

வாங்கப்போகிறவர்கள் டெமோவில் கலர் கலரான திரையைப் பார்த்து மயங்கவேண்டாம். உங்கள் கல்லூரி அளவுள்ள மூன்று கல்லூரிகளின் ஃபோன் நம்பரைக் கேளுங்கள், சேல்ஸ் ஆள் லைனில் இல்லாமல் பேசுங்கள். நம்பர் தரத் தயங்கினால் அடுத்த மென்பொருளைப் பாருங்கள்.